ஆண்டுக்கு 50 இலங்கையர்: கனடாவின் கதவு திறந்ததும் மூடியதும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான் மரக்கறி வாங்கும் கடையில் ஒரு சனிக்கிழமை. முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அண்ணர் ஒருவர், வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பொதி எடுக்க வந்த பஞ்சாபிப் பெடியனைக் கண்ணால் காட்டிச் சொன்னார்: “உவங்கள் நல்லாக் கூடிப்போனாங்கள் தம்பி. ஸ்ருடன்ற் விசாவெண்டு வந்து ஒரு பேஸ்மென்ற்றுக்க பன்ரண்டு பேர். எங்கட பிள்ளையளுக்குக் கோப்பிக் கடையிலகூட வேலையில்லை.”

அண்ணரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். 1987 மார்ச்சில், அவரும் மாணவர் விசாவில்தான் வந்து இறங்கினார். அந்த ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் சண்டையோடு நுழைந்தது. திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. 1988 நவம்பரில் அகதிக் கோரிக்கை கொடுத்தார். ‘பக்லொக்’ என்று எங்கள் ஆட்கள் இன்றும் சொல்லும் அந்தத் தேங்கிப்போன கோப்புக் குவியலில் அவருடைய கோப்பும் சில வருடம் கிடந்தது. இரவில் கோழித் தொழிற்சாலை, பகலில் ஒரே அறையில் ஆறு பேர் முறைவைத்து உறக்கம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது; அதற்குப் பிறகு வருவேன்.

ஆனால் அந்த வாக்கியம் அவருடையது அல்ல. கனடாவில் ஏறத்தாழ 140 ஆண்டுகளாக அது வாய்க்கு வாய் மாறி வந்துகொண்டிருக்கிறது. சீனரைப் பற்றிச் சொன்னார்கள், சீக்கியரைப் பற்றிச் சொன்னார்கள், உக்ரைனியரை, யூதரை, யப்பானியரை, பிறகு எங்களைப் பற்றிச் சொன்னார்கள். இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க இரண்டு விஷயங்கள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டன. ஒன்று, கூப்பிட்டவர் எப்போதும் வேறொருவர், ஏச்சு வாங்குபவர் வேறொருவர். மற்றது, கதவைச் சாத்தும்போது ‘உன்னை எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று சட்டம் நேரே சொல்வது அரிது. அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளும்.

ஒரு டொலர் கூலி, 50 டொலர் வரி

முதல் பெயர் வரி. 1880களின் தொடக்கத்தில், நாட்டைக் கிழக்கிலிருந்து மேற்குக் கரை வரை இணைக்கும் கனடிய பசிபிக் ரயில் பாதைக்குப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளைக் குடைய வேண்டியிருந்தது. அந்தப் பகுதியின் ஒப்பந்தக்காரர் ஆண்ட்ரூ ஒண்டர்டொங்க் ஆயிரக்கணக்கில் சீனத் தொழிலாளர்களை இறக்கினார். 1881 முதல் 1885 வரை சுமார் 15,000 பேர். நாளுக்கு ஒரு டொலர் கூலி. பக்கத்தில் நின்று அதே வேலை செய்த வெள்ளையருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை டொலர். சாப்பாட்டுச் செலவும் உபகரணச் செலவும் சீனரின் கூலியிலிருந்தே போனது. பாறை வெடிப்பிலும் நோயிலும் குறைந்தது 600 பேர் இறந்தார்கள். சீனர் வருகையை எதிர்த்தவர்களுக்குப் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் 1882இல் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதில் வெளிப்படையானது: இந்த உழைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ரயில் பாதை கிடையாது.

பாதை முடியும் தறுவாயில், 1885 யூலையில், அதே மக்டொனால்டின் அரசு உள்ளே வரும் ஒவ்வொரு சீனருக்கும் 50 டொலர் தலைவரி விதித்தது. கடைசி ஆணி அடிக்கப்பட்டது அதற்குப் பிறகு, நவம்பர் 7ஆம் தேதி, கிரெய்கெலாச்சி என்ற இடத்தில். அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படம் கனடியப் பள்ளிப் புத்தகங்களில் தவறாமல் இருக்கும். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் குனிந்து சம்மட்டி பிடித்திருக்க, சுற்றிலும் தொப்பி போட்ட ஆண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். என் மகளின் புத்தகத்தில் அந்தப் படத்தை விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். ஒரு சீன முகம்கூட இல்லை.

வரி 1900இல் 100 டொலராகவும் 1903இல் 500 டொலராகவும் ஏற்றப்பட்டது. ஒரு சீனக் கூலியாளின் இரண்டு வருடச் சம்பாத்தியம் அது. ஊரில் கடன் பட்டு ஒருவர் வந்தார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே கட்ட வேண்டிய காசு அவர் ஆயுளில் சேரவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துச் சைனாரவுண்கள் ஆண்கள் மட்டுமே வாழும் தெருக்களாக இருந்தன. ‘குடும்பமாக வாழத் தெரியாத கூட்டம்’ என்று பத்திரிகைகள் அவர்களையே குறை கூறின. வரி கட்டியதற்கு அடையாளமாகக் கொடுத்த சான்றிதழில் பெயர், வயது, ஊர், உயரம், முகத்தில் உள்ள தழும்பு, ஒரு சிறிய புகைப்படம் எல்லாம் இருக்கும். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த ரசீது, குற்றவாளிப் பதிவேட்டின் தோற்றத்தில் இருந்தது. 80,000க்கும் அதிகமானோர் கட்டினார்கள். மொத்தம் சுமார் 23 மில்லியன் டொலர்.

அதே ஆண்டுகளில் சமவெளி மாகாணங்களில் ஐரோப்பியருக்கு 160 ஏக்கர் நிலம் 10 டொலர் பதிவுக் கட்டணத்துக்குக் கிடைத்தது. உள்துறை அமைச்சர் கிளிஃபோர்ட் சிஃப்டன் கிழக்கு ஐரோப்பிய விவசாயிகளை வலிந்து அழைத்தார். முதல் உலகப் போருக்கு முன் சுமார் 170,000 உக்ரைனியர் வந்தார்கள். வெள்ளைத் தோல் அவர்களையும் முழுவதுமாகக் காப்பாற்றவில்லை. போர் வந்ததும், அவர்கள் ஆஸ்திரியப் பேரரசின் கடவுச்சீட்டில் வந்தவர்கள் என்பதால் ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் உக்ரைனியர். பத்து வருடத்துக்கு முன் கையில் நிலப்பத்திரம் கொடுத்த அரசுதான் அடைத்ததும்.

இடைநில்லாப் பயணம்

1907 செப்டம்பர் 7 இரவு. ஆசியரை விலக்கக் கோரிய கழகம் ஒன்று வன்கூவரில் ஊர்வலம் போனது. ஊர்வலம் கலவரமானது. சைனாரவுணில் கண்ணாடி மிஞ்சவில்லை. அடுத்து பவல் தெருவிலிருந்த யப்பானியர் குடியிருப்புக்குள் போனபோது, அவர்கள் தடியும் போத்தலுமாக எதிர்த்து நின்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

சேதத்தை மதிப்பிட ஒட்டாவாவிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். பெயர் மக்கென்சி கிங். இந்தப் பெயரை மறக்க வேண்டாம், மேலும் பல இடங்களில் வரும். இழப்பீடு கேட்டவர்களில் அபின் வியாபாரிகளும் இருந்ததைப் பார்த்து அவர் எழுதிய அறிக்கைதான் கனடாவின் முதல் போதைப்பொருள் சட்டத்துக்கு வழிவிட்டது. கலவரத்தை விசாரிக்கப் போய், அடிவாங்கியவரின் தெருவுக்கே புதுச் சட்டம் வந்து சேர்ந்தது.

இந்தியர் விஷயத்தில் அரசுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சீனருக்கு வரி போடலாம். இந்தியரோ பிரிட்டிஷ் பேரரசின் குடிகள். ‘இந்தியருக்கு இடமில்லை’ என்று எழுதினால் அங்கே பேரரசுக்குத் தலைவலி. ஆகவே 1908 சனவரியில் ஓர் ஆணை வந்தது: பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் இறங்கி மாறாமல் ஒரே பயணமாக வருபவருக்கே அனுமதி. இந்தியா என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேரே வரும் கப்பல் சேவை இல்லாதபடி அரசே பார்த்துக்கொண்டது. கூடவே, ஆசியர் கையில் 200 டொலர் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அதற்கு முந்தைய நாலைந்து ஆண்டுகளில் சுமார் 5,000 இந்தியர், பெரும்பாலும் சீக்கியர், மர ஆலைகளுக்கு வந்திருந்தார்கள். ஆணைக்குப் பிறகு வரவு அநேகமாக நின்றேபோனது.

அந்த ஆணையைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டதுதான் கோமகாட்டா மாரு. குர்தித் சிங் வாடகைக்கு எடுத்த யப்பானியக் கப்பல். 1914 மே 23 அன்று 376 பயணிகளோடு வன்கூவர் துறைமுக நீரில் வந்து நங்கூரம் போட்டது. முன்பே கனடாவில் வசித்துத் திரும்பியவர்கள் என்று இருபது சொச்சம் பேரை மட்டும் இறக்கினார்கள். மற்றவர்கள் இரண்டு மாதம் கப்பலிலேயே. கரை கண்ணுக்குத் தெரியும்; கால் வைக்க முடியாது. குடிநீரும் உணவும் பேரம்பேசும் பொருளாயின. கரையிலிருந்த சீக்கியர்கள் குருத்வாராவில் பணம் திரட்டிக் கப்பல் வாடகையைக் கட்டினார்கள், வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். யூலை 19 விடியலுக்கு முன் ஓர் இழுவைப் படகில் பொலிசார் கப்பலில் ஏற முயன்றபோது, பயணிகள் நிலக்கரிக் கட்டிகளை எடுத்து எறிந்து விரட்டினார்கள். நாலு நாள் கழித்து, கடற்படைக் கப்பல் ஒன்று காவல் வர, கோமகாட்டா மாரு திரும்பியது. வன்கூவர் மக்கள் கரையில் கூடி நின்று பார்த்தார்கள். செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவுக்கு அருகே பஜ் பஜ்ஜில் இறங்கியவர்கள்மீது பொலிசும் இராணுவமும் சுட்டதில் சுமார் 20 பயணிகள் இறந்தார்கள்.

காலநிலை ஒத்துவராது

அடுத்த பெயர் காலநிலை. ஒக்லஹோமாவிலிருந்து கறுப்பின விவசாயிகள் குடும்பம் குடும்பமாக அல்பேர்ட்டாவுக்கு வரத் தொடங்கியதும், 1911 ஆகஸ்டில் பிரதமர் லோரியேயின் அமைச்சரவை ஓர் ஆணையில் கையெழுத்திட்டது. நீக்ரோ இனம் கனடாவின் காலநிலைக்கும் தேவைகளுக்கும் பொருந்தாது, ஆகவே ஓராண்டுக்குத் தடை என்றது அது. ஆணை நடைமுறைக்கு வராமலே கைவிடப்பட்டது. எல்லையில் மருத்துவச் சோதனை என்ற பெயரிலேயே போதிய ஆட்களைத் திருப்பிவிட முடிந்தது.

சீனருக்கு 1923 யூலை 1 அன்று கதவு முழுதாகவே சாத்தப்பட்டது. அன்று நாட்டின் பிறந்தநாள். கனடியச் சீனர்கள் அதை ‘அவமான நாள்’ என்று அழைத்துக் கடைகளைப் பூட்டினார்கள். அடுத்த 24 ஆண்டுகளில் 50க்கும் குறைவான சீனரே உள்ளே விடப்பட்டனர். அந்தச் சட்டம் வந்தபோது பிரதமர் மக்கென்சி கிங். 1939இல், நாசி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்களோடு செயின்ட் லூயி கப்பல் கியூபாவாலும் அமெரிக்காவாலும் மறுக்கப்பட்டு நின்றபோது, ஏற்க மறுத்த கனடாவின் பிரதமரும் அவர்தான். ஐரோப்பாவுக்குத் திரும்பிய அந்தப் பயணிகளில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். 1942இல் மேற்குக் கரையிலிருந்த சுமார் 22,000 யப்பானியக் கனடியர்கள் வீட்டிலிருந்து பிடுங்கப்பட்டு, அவர்களுடைய மீன்பிடிப் படகுகளும் காணிகளும் ஏலத்தில் விற்கப்பட்டபோதும் அவரே. போர் முடிந்து நாலு ஆண்டு வரை, 1949 ஏப்ரல் வரை, கரைக்குத் திரும்ப அவர்களுக்கு அனுமதி இல்லை.

கிங் கொடுங்கோலர் அல்ல. மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று மூக்கால் மோந்து அறியத் தெரிந்தவர், அதற்கு மேல் ஓர் அடி போகாதவர். கனடாவை மிக நீண்ட காலம் ஆண்டவர் என்பதற்கு அதுவே காரணம். 1947இல் சீனர் தடைச் சட்டம் நீக்கப்பட்டபோது, கனடிய மக்கள் தங்கள் சனத்தொகையின் தன்மை அடியோடு மாறுவதை விரும்பவில்லை என்று அவர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அன்று அதை எதிர்த்து நாடு கொந்தளிக்கவில்லை.

இலங்கைக்கு 50

1951இல் கனடா மூன்று புதிய நாடுகளோடு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர். அந்த 50 என்ற எண்ணை முதன்முதலில் படித்தபோது சிறிது நேரம் மேலே படிக்க முடியவில்லை. இன்று ஸ்காபரோவில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் அன்றைய அரசுக்கு அது தாராளம். பேரரசு உடைந்து பொதுநலவாயம் ஆகிவிட்டது. சமமாக உட்காரும் நாட்டவரை முழுதாக மறுத்தால் முகம் பார்க்க முடியாது. அதற்கான மரியாதைச் செலவு அது.

இனப் பாகுபாடு எப்படி நீங்கியது என்று கேட்டால் மனச்சாட்சி விழித்தது என்பார்கள். ஓரளவு உண்மை. நாசிகளின் முகாம்கள் வெளிச்சத்துக்கு வந்த பிறகு இனத் தூய்மை பேசக் கூச்சம் வந்தது. சீனக் கனடியர்கள் போரில் கனடாவுக்காகச் சண்டையிட்டுத் திரும்பி வாக்குரிமை கேட்டார்கள். 1960இல் டீஃபன்பேக்கர் அரசு உரிமைப் பட்டயம் கொண்டுவந்தது. குடிவரவு விதிகளில் இனத்தை வைத்துக்கொண்டு அதைப் பேச முடியவில்லை. 1962இல் குடிவரவு அமைச்சர் எலன் ஃபெயர்கிளஃப் அந்த விதிகளில் பெரும்பாலானதை நீக்கினார். ஆனால் இன்னொரு காரணம் பொருளாதாரம். போருக்குப் பின் எழுந்த ஐரோப்பாவில் வேலையும் சம்பளமும் பெருகின, அங்கிருந்து வருவோர் குறைந்தனர். கனடாவுக்கோ பொறியியலாளரும் தாதியரும் ஆசிரியரும் வேண்டியிருந்தது.

1967இல் வந்த புள்ளி முறை இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது. படிப்பு, தொழில், வயது, மொழி ஒவ்வொன்றுக்கும் புள்ளி. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் வாசல் திறக்கும். பரீட்சை எழுதிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இதைவிட விளங்கக்கூடிய முறை வேறில்லை. அன்று வந்த தமிழர்கள் பொறியியலாளர்கள், கணக்காளர்கள், வைத்தியர்கள். எண்ணிக்கையில் சொற்பம். அவர்களைப் பற்றி எவரும் ‘கூடிப்போனார்கள்’ என்று சொல்லவில்லை.

பொதுமக்களின் மனநிலை சட்டத்தோடு சேர்ந்து மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1977இல் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் ‘குடிவரவு அளவுக்கு மீறிவிட்டதா’ என்று கேட்கத் தொடங்கியபோது பத்தில் ஆறு பேர் ஆம் என்றார்கள். 2000 ஆண்டையொட்டித்தான் இல்லை என்போர் பெரும்பான்மை ஆனார்கள். கனடியர் எப்போதும் வந்தாரை வரவேற்றவர்கள் என்ற பெயருக்கு வயது அவ்வளவுதான்.

கடலில் இரண்டு படகுகள்

1979, 1980 இரண்டே ஆண்டில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் 60,000 பேரைக் கனடா ஏற்றது. பாதிக்கு மேற்பட்டவர்களைத் தேவாலயக் குழுக்களும் அயலவர் குழுக்களும் தங்கள் கைக்காசில் ஸ்பொன்சர் செய்தார்கள். அதற்காகவே 1986இல் ஐ.நா.வின் நான்சன் பதக்கம் கனடிய மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்களுக்கே அந்தப் பதக்கம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அதே 1986. ஆகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால் மூடுபனி. கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர், நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதப்பதைக் கண்டார். கூரையில்லாத படகுகள். தாங்கக்கூடியதைவிட அதிகமாக ஆட்கள், சிலர் நனைந்த மெல்லிய சட்டையோடு. மொத்தம் 155 பேர், இலங்கைத் தமிழர்கள். மூன்று நாளாக மிதந்துகொண்டிருந்தார்கள். டால்டன் தன்னால் ஏற்ற முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு மற்றப் படகுகளுக்கும் கரையோரக் காவலுக்கும் வானொலியில் செய்தி அனுப்பினார். ஏன் காப்பாற்றினாய் என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை. கடலில் தொழில் செய்பவனுக்கு அது கேள்வியே இல்லை. மயிலிட்டியிலும் அப்படித்தான், நியூபவுண்ட்லாந்திலும் அப்படித்தான்.

முதல் சில நாட்கள் நாடே உருகியது. பிறகு தெரியவந்தது: இந்தியாவிலிருந்து வந்தோம் என்று சொன்னவர்கள் உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டு, கரைக்கு வெகுதூரத்தில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். ஜெர்மனி என்று சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். காசு வாங்கி ஏற்றியவர்களும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அனுதாபம் ஒரே வாரத்தில் கோபமானது. பொய்யர்கள், வரிசையை முந்தியவர்கள் என்று வானொலி நிகழ்ச்சிகளுக்கு அழைப்புகள் குவிந்தன. பிரதமர் பிரையன் மல்ரோனி அசையவில்லை. குடியேறியவர்களும் அகதிகளும் கட்டிய நாடு இது, படகில் கரைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றார். ஓராண்டு அனுமதியும் வேலை செய்யும் உரிமையும் கிடைத்தன. அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் பஸ் ஏறினார்கள்.

அந்த ‘வரிசை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேலைக்காகவோ குடும்பத்தோடு சேரவோ விண்ணப்பிப்பவருக்கு வரிசை இருக்கிறது. ஊரில் ஷெல் விழும்போது ஓடுபவருக்குப் போய் நிற்க எந்த வரிசையும் இல்லை. கொழும்பில் தூதரகப் படலைவரை போவதற்கே சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. தன் நிலத்தில் வந்து கேட்கும் எவருக்கும் நேரடி விசாரணை வழங்க வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றமே 1985இல், சிங் வழக்கில், தீர்ப்பளித்திருந்தது. அந்த ஏழு முறையீட்டாளர்கள் வென்ற உரிமையில்தான் எங்களில் பெரும்பாலானோர் இங்கே இருக்கிறோம். அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு அகதிச் சபை 1989இல் எழுந்ததும் அதனால்தான்.

அதற்குள் கோபம் சட்டமாகிவிட்டது. 1987 யூலையில் நோவா ஸ்கோஷியாக் கரையில் 174 பேர், அநேகமாக எல்லாரும் சீக்கியர், ஒரு கப்பலிலிருந்து இறங்கி நடந்து வந்தார்கள். ஊர்ச்சனம் தேநீரும் சாண்ட்விச்சும் கொடுத்தது. ஒட்டாவா விடுமுறையிலிருந்த நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டியது. இந்த இடைவெளியை வேறு பல இடங்களிலும் பார்த்திருக்கிறேன்: நேரில் கண்டவர் தேநீர் கொடுக்கிறார், தொலைக்காட்சியில் கண்டவர் சட்டம் கேட்கிறார்.

சன் சீ

2010 ஆகஸ்ட் 13 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்குவைமால்ட் துறைமுகத்துக்குள் சன் சீ கப்பல் கொண்டுவரப்பட்டபோது ரொறன்ரோத் தமிழர் வீடுகளில் தொலைக்காட்சி அணையவில்லை. 492 இலங்கைத் தமிழர்கள், அதில் 49 சிறுவர்கள். தாய்லாந்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று மாதக் கடற்பயணம். முள்ளிவாய்க்கால் முடிந்து பதினைந்தே மாதம். கப்பல் வருமுன்பே அமைச்சர்கள் ஆட்கடத்தல், பயங்கரவாதம் என்ற இரண்டு சொற்களை நாட்டின் காதில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆண்கள் சிறைக்கும், தாய்மாரும் பிள்ளைகளும் தனித் தடுப்புக்கும் போனார்கள். அன்றைய கருத்துக்கணிப்பு ஒன்றில், கோரிக்கை உண்மை என்று தெரிந்தாலும் திருப்பி அனுப்பத்தான் வேண்டும் என்று கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்னார்கள்.

எனக்கு அதைவிட வலித்தது எங்கள் ஆட்களில் சிலர் சொன்னது: “உவையாலை எங்கட பேரும் கெடுது.” 1986இல் வந்த படகுக்காரரைப் பற்றியும் புள்ளி முறையில் வந்த சில பெரியவர்கள் இதையே சொல்லியிருந்தார்கள்.

கட்டணம் வாங்கியவர்கள்

2015இல் கடலில் மூழ்கி இறந்து கடற்கரையில் கிடந்த அலன் குர்தி என்ற சிரிய அகதிக் குழந்தையின் படம் கனடியத் தேர்தலையே அசைத்தது. சில மாதங்களில் 25,000 சிரியர் வந்து இறங்கினார்கள். 2021 சனத்தொகைக் கணக்கில், நாட்டு மக்களில் 23 வீதம் வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள். கனடிய வரலாற்றிலேயே அதி உயர்ந்த வீதம்.

பிறகு காற்று திரும்பியது, மிக வேகமாக. 1977இல் கேட்ட அதே கேள்விக்கு, குடிவரவு அளவுக்கு மீறிவிட்டது என்று 2022இல் சொன்னவர்கள் 27 வீதம். 2023இல் 44. 2024இல் 58. இரண்டே ஆண்டில் இப்படி ஏறியது அந்தக் கணிப்பின் வரலாற்றில் இல்லை. குடியேறி வந்தவர்களிடையேயும் இந்த எண்ணம் பரவியிருந்தது. காரணம் கேட்டபோது முதலில் வந்தது இனமோ மதமோ அல்ல; வீடு.

இங்கேதான் அண்ணர் சொன்னதில் உள்ள பாதி உண்மை. 2023 என்ற ஒரே ஆண்டில் கனடாவின் சனத்தொகை ஏறத்தாழ 12.7 லட்சம் கூடியது. அதில் 97 வீதத்துக்கு மேல் வெளிநாட்டு வரவு. அந்த ஆண்டு முடிவில் மாணவர் அனுமதி வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். அவ்வளவு பேருக்கு வீடு கட்டப்படவில்லை. வாடகை ஏறியது, குடும்ப வைத்தியர் கிடைக்கவில்லை. இதைச் சொல்வது இனவாதம் அல்ல. எத்தனை பேர் என்பது ஒரு நாடு தன்னைத்தானே கேட்கவேண்டிய கேள்வி.

ஆனால் அந்தப் பெடியனைக் கூப்பிட்டது யார்? ஒன்ராறியோ அரசு 2019இல் உள்ளூர் மாணவரின் கல்லூரிக் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்து, அப்படியே உறையவைத்தது. குறைந்த பணத்தை அரசு ஈடுசெய்யவில்லை. கல்லூரிகள் பல மடங்கு கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவரிடம் திரும்பின. பஞ்சாபின் சிற்றூர்களில் முகவர்கள் பலகை மாட்டினார்கள். தகப்பன்மார் காணி விற்றார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை என்று முதலாளிகள் முறையிட, மாணவர்கள் வாரத்துக்கு 20 மணிநேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பை மத்திய அரசு 2022 நவம்பரில் தற்காலிகமாக எடுத்தது. கல்லூரிக்குக் கட்டணம், கடைக்காரருக்கு மலிவு உழைப்பு, பேஸ்மென்ற் உரிமையாளருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. அந்த உரிமையாளர்களில் எங்கள் ஆட்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒண்டர்டொங்க் சீனரை இறக்கியதற்கும் இதற்கும் நடுவில் 140 ஆண்டு. வேலை முடிந்ததும் ஏச்சு போய்ச் சேர்ந்த இடம் மட்டும் மாறவில்லை.

2024 சனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. ஒக்டோபரில், 2025க்கு 500,000 என்று வைத்திருந்த நிரந்தரக் குடிவரவு இலக்கு 395,000 ஆக வெட்டப்பட்டது. எண்ணைக் குறைத்ததில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. அதனோடு சேர்ந்து வந்த பேச்சுத்தான் பயமுறுத்துகிறது. பேருந்திலும் பூங்காவிலும் இந்தியத் தோற்றமுள்ள எவரையும் ‘திரும்பிப் போ’ என்று ஏசும் காணொளிகள் வருகின்றன. ஏசுபவருக்கு யாழ்ப்பாணமும் ஜலந்தரும் ஒன்றுதான்.

இதற்கிடையில் மன்னிப்புகளும் கேட்கப்பட்டன. யப்பானியக் கனடியரிடம் 1988இல், 46 ஆண்டு கழித்து. தலைவரிக்காகச் சீனரிடம் 2006இல். வரி கட்டியவர்களில் மிகச் சிலரே அப்போது உயிரோடு இருந்தார்கள். கோமகாட்டா மாருவுக்காக நாடாளுமன்றத்தில் 2016இல், 102 ஆண்டு கழித்து. செயின்ட் லூயிக்காக 2018இல். அந்த 2016இலேயே சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் ஏற்றது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் 1983இல் சிறுவனாக இங்கே வந்து சேர்ந்த ஹரி ஆனந்தசங்கரி. 2025இல் அவர் எல்லைக் காவலுக்கும் பொறுப்பான பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். 50 பேர் என்ற ஒதுக்கீட்டிலிருந்து இங்குவரை ஒரு சமூகம் வந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

2025 யூனில் அவர் நாடாளுமன்றத்தில் வைத்த சி-2 சட்டமூலத்தில் அகதிக் கோரிக்கை பற்றி ஒரு விதி இருந்தது. பிறகு சி-12 என்று தனியாகப் பிரிக்கப்பட்டபோதும் அது கூடவே போனது. 2020 யூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் முதன்முறை நுழைந்த ஒருவர், நுழைந்து ஓராண்டு கழித்து அகதிக் கோரிக்கை கொடுத்தால் அது குடிவரவு அகதிச் சபைக்குப் போகாது. நாடுகடத்துவதற்கு முன் செய்யும் இடர் மதிப்பீடு மட்டுமே கிடைக்கும். இடையில் அவருடைய ஊரில் என்ன நடந்தது என்பதை அந்தக் கணக்கு கேட்காது. படிக்க வந்து, ஓராண்டு தாண்டிக் கோரிக்கை கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

மரக்கறிக் கடையில் நான் இதை அண்ணருக்கு விளக்கினேன். அவர் முருங்கைக்காயைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். மார்ச்சிலிருந்து மார்ச் ஒரு வருடம். பிறகு ஏப்ரல், மே, யூன். நவம்பருக்கு வந்தபோது விரல் எட்டில் நின்றது.

“இருபது மாசம்,” என்றார்.